ஸ்பேர் பார்ட்ஸ் கடையா? ஊருக்கு ஒரு பிரைஸ் லிஸ்ட் போடும்போது லாபம் எங்கே போகுதுன்னு பாருங்க

கோயம்புத்தூர்ல லாரி ஸ்பேர் பார்ட்ஸ் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருத்தர், "சேல்ஸ் ஏறுது, கையில காசு நிக்கல"ன்னு சொன்னார். அவரோட டேலி பிரைமைத் திறந்து பார்த்தோம். உள்ளூர், தமிழ்நாடு, கேரளான்னு மூணு பிரைஸ் லெவல். தமிழ்நாட்டுக்கு 3% கூடுதல், கேரளாவுக்கு 5% கூடுதல். பிரச்சினை அங்கேதான்.

பாலக்காடு அவர் கடையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். நாகர்கோவில் 400 கிலோமீட்டருக்கும் மேல. ஆனா பாலக்காட்டுக்காரருக்குத்தான் விலை அதிகம்! ஏன்னு கேட்டா, "வெளி மாநிலம், ஐஜிஎஸ்டி வருதே" என்றார். ஐஜிஎஸ்டி போட்டாலும், சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி போட்டாலும் மொத்த வரி ஒண்ணுதான். வாங்குற டீலர் அதை இன்புட்டா எடுத்துக்குவார். வரிக்கு மாநிலம் முக்கியம், விலைக்குத் தூரம்தான் முக்கியம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

அடுத்து, சதவீதக் கணக்கு. ஒரு பிரேக் டிரம் விலை ரூ.3,000, எடை 30 கிலோன்னு வச்சுக்கோங்க. லாரி வாடகை கிலோவுக்கு ரூ.6 என்றால் ரூ.180 செலவு. நீங்க ஏத்தின 3% வெறும் ரூ.90. ஒவ்வொரு டிரம்முக்கும் ரூ.90 உங்க பாக்கெட்ல இருந்து போகுது. அதே லிஸ்ட்ல ரூ.150 ஆயில் சீலுக்கும் 3% ஏத்தியிருக்கீங்க. அதுக்கு வாடகையே சில்லறைக் காசுதான். அதனால சீலை அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிட்டு, டிரம்மை மட்டும் உங்ககிட்ட ஆர்டர் போடுவாங்க. நண்பருக்கு நடந்தது அப்படியே இதுதான்.

கடன் நாளையும் சேருங்க. ரூ.3,000-க்கு 45 நாள் கடன், ஓவர்டிராஃப்ட் வட்டி 12% என்றால் இன்னும் ரூ.44 போச்சு.

சரி, எப்படி மாத்துறது? எஃப்11-ல மல்டிபிள் பிரைஸ் லெவல் ஆப்ஷனை 'எஸ்' கொடுத்து, லெவலை மாநிலம் வாரியா இல்லாம லாரி ரூட் வாரியா வையுங்க. கனமான அயிட்டத்தைத் தனி ஸ்டாக் குரூப்பா பிரிச்சா, அந்த குரூப்புக்கு மட்டும் வாடகையை ரூபாய்க் கணக்குல சேர்த்து ரேட் போடலாம். கஸ்டமர் லெட்ஜர்லயே அவரோட லெவலைப் போட்டுடுங்க. பில் போடுற பையன் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

கம்பெனி விலை ஏத்தினா பழைய லிஸ்ட்டைத் திருத்தவே கூடாது. 'அப்ளிகபிள் ஃப்ரம்' தேதி போட்டுப் புது லிஸ்ட் போடுங்க. அப்பதான் போன மாசம் என்ன ரேட்டுக்குக் கொடுத்தோம்னு டீலர் சண்டைக்கு வந்தா காட்ட முடியும்.

முக்கியமா, வரி சேர்க்காத விலையைத்தான் லிஸ்ட்ல வைக்கணும். 2025 செப்டம்பர் 22-ல் வாகன பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆனது. வரியோடு சேர்த்து ரூ.1,280-ன்னு வச்சிருந்தவங்க ஒவ்வொரு அயிட்டமா ரூ.1,180-க்கு மாத்த வேண்டியிருந்தது. ரூ.1,000-ன்னு வச்சிருந்தவங்க வரி ரேட்டை மட்டும் மாத்திட்டுப் போய்ட்டாங்க.

நண்பர் இப்போ பாலக்காட்டு ரேட்டைக் குறைச்சிருக்கார். நாகர்கோவில் டிரம் ரேட்டை ஏத்தினதுக்கு ரெண்டு டீலர் கோவிச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் திரும்ப வந்துட்டார், இன்னொருத்தர் இன்னும் வரல. ஸ்கிரீன் ஸ்கிரீனா எப்படிச் செய்யணும்னு வீடியோவில் காட்டியிருக்கேன், டேலியைத் திறந்து வச்சுக்கிட்டே பாருங்க.