வேலியோரத்தில் பிளக்பெரி

2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண் சரிந்து, நுவரெலியா மாவட்டத்தில் பல குடும்பங்கள் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வெளியேற நேர்ந்தது. இன்னொருவர் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தைக் கொத்திப் பயிர் செய்பவர்களுக்கு முதற் கேள்வி, இங்கிருந்தும் எழும்பச் சொன்னால் நட்டது என்னாகும் என்பதே. அதை மனதில் வைத்தே இச்செடியைப் பற்றி எழுதுகின்றோம்.

வெளிநாட்டுப் பிளக்பெரி இனங்களிற் பெரும்பாலானவை பூப்பதற்கு, 7 பாகைக்குக் கீழான குளிர் பல நூறு மணித்தியாலங்கள் வேண்டும். அக்கரப்பத்தனையில் தை, மாசியிற் குளிர் கடித்தாலும் அவ்வளவு நேரம் நீடிப்பதில்லை. ஆகவே அதன் நெருங்கிய உறவான மைசூர் ராஸ்பெரியே நமக்கு ஏற்றது. இந்திய, இலங்கை மலைகளில் இயற்கையாகவே வளர்வது. தண்டில் வெண்பூச்சும் வளைந்த முள்ளும் இருக்கும்; பழம் சிவந்து பின் கறுக்கும். பறித்தால் உள்ளே குழிவாக இருக்கும். பிளக்பெரியில் நடுத்தண்டும் பழத்தோடு வந்துவிடும்.

வெயில் படும், நீர் தேங்காத வேலியோரம் நல்லது. தேயிலை மண் இதற்குப் புளிப்பு அதிகமாதலால், சில வாரங்களுக்கு முன்பே சிறிது டொலமைற்றும் மக்கிய மாட்டெருவும் கலந்துவிடுங்கள். புரட்டாதி, ஐப்பசியில் 5 அடிக்கு ஒன்றாக நட்டு, தண்டுகளைக் கம்பியிற் கட்டுங்கள். சரிவை இது தாங்கிப் பிடிக்கும் என்று மட்டும் நம்பவேண்டாம்.

பலர் தவறுவது வெட்டும்போதுதான். வேர் பல ஆண்டு வாழும். ஒரு தண்டின் ஆயுளோ இரண்டு ஆண்டுதான். முதலாண்டு வளரும், அடுத்த ஆண்டு காய்த்துப் பட்டுப்போகும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை முழுப் புதரையும் ஒருசேர வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டுப் பழமும் போய்விடும். காய்த்து முடிந்த தண்டை மட்டும் அடியோடு வெட்டுங்கள். புதுத்தண்டுகளில் தடித்த நான்கைந்தை விட்டு மற்றவற்றை நீக்கிவிடலாம்.

இனி அந்த முதற் கேள்வி. நீண்ட தண்டின் நுனியை வளைத்து, மண் நிரப்பிய பையில் நான்கு அங்குலம் புதைத்து, ஒரு கல்லை வையுங்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வேர்விடும். தாய்த்தண்டை வெட்டினால் பையோடு எடுத்துச் செல்லலாம். ஆண்டுதோறும் இரண்டு பை தயாராக இருக்கட்டும்.

நுனியைத் தரையிற் பரவவிட்டால் அதுவே தானாக வேரூன்றிவிடும். பறவைகளும் விதையைப் பரப்பும். கலாபகோஸ் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்ட இதே செடி அங்குள்ள காட்டையே மூடியது. நமக்கு மேலே ஹோட்டன் சமவெளி இருக்கிறது. வேலிக்கு வெளியே முளைத்ததைப் பிடுங்கிவிடுங்கள்.

லீக்ஸ், போஞ்சி போடும் பாத்தியை இதற்காகக் குறைக்கவேண்டாம். பழம் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. சந்தைக்குப் போகுமுன் கசிந்துவிடும். பிள்ளைகள் தின்றது போக மீதியைச் சீனி போட்டு அன்றே ஜாம் காய்ச்சுங்கள்.