உங்களுக்குத் தெரியுமா? பம்பாயைத் தூங்கவிடாத ராமன் ராகவ்

பம்பாய் போலீஸ் கோப்பில் தொடர் கொலைகாரன் ராமன் ராகவுக்கு ஏகப்பட்ட பெயர்கள். ‘சிந்தி தல்வாய்’ அவற்றில் பிரபலமானது. கூடவே அண்ணா, தம்பி, வேலுசாமி என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்!

*

முதல் சுற்றுத் தாக்குதல் நடந்தது 1965-66ல். ரயில் பாதையை ஒட்டிய கிழக்குப் புறநகர்க் குடிசைகளிலும் நடைபாதையிலும் தூங்கியவர்களின் தலையில் கனத்த ஆயுதத்தால் அடி. தாக்கப்பட்டவர்கள் 19 பேர், இறந்தவர்கள் 9 பேர். சந்தேகத்தின் பேரில் அப்போதே ராகவைப் பிடித்திருந்தார்கள். கொள்ளை வழக்கில் ஐந்தாண்டு சிறையிலிருந்து வந்த ஆள்தான். ஆனால் கொலைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, விட்டுவிட்டார்கள்.

*

1968ல் அதே பாணியில் மறுபடி கொலைகள். இம்முறை வேட்டையை நடத்தியவர் குற்றப்பிரிவு துணை கமிஷனர் ரமாகாந்த் குல்கர்னி. ஆனால் ஆகஸ்ட் 27 அன்று ஆளைப் பிடித்தது அலெக்ஸ் ஃபியால்ஹோ என்ற சப்-இன்ஸ்பெக்டர். கொலையாளியைப் பார்த்தவர்கள் சொன்ன அடையாளங்களை மனதில் வைத்திருந்தவர், தெருவில் போன ஒருவனை மடக்கினார். அவ்வளவு பெரிய படை தேடியும், கடைசியில் கைகொடுத்தது ஓர் அதிகாரியின் ஞாபகசக்திதான்.

*

சோதனையில் சிக்கியவை: மூக்குக் கண்ணாடி, இரண்டு சீப்பு, கத்தரிக்கோல், ஊதுபத்தி ஸ்டாண்ட், சோப்பு, பூண்டு, டீத்தூள், கணக்குப் போட்ட இரண்டு காகிதங்கள். நகரத்தையே நடுங்கவைத்தவனின் மொத்த உடைமை இவ்வளவுதான். சட்டையிலும் காக்கி அரைக்கால் சட்டையிலும் ரத்தக்கறை. ‘சிந்தி தல்வாய்’ இவனேதான் என்பதை விரல்ரேகை உறுதி செய்தது.

*

வாயைத் திறக்கவைத்தது கோழிக்கறி! எத்தனை கேட்டும் பேசாதவன், வயிறாரக் கோழி சாப்பிட்ட பிறகே பதில் சொல்ல ஆரம்பித்தான். ஒப்புக்கொண்டது 41 கொலைகள்.

*

பிடித்ததைவிடச் சிக்கலானது அதற்குப் பிறகு வந்த கேள்வி: இவனுக்குப் புத்தி சுவாதீனம் உண்டா? போலீஸ் சர்ஜன் ஒரு வாரம் கவனித்துவிட்டு, மனநோய் இல்லை என்றார். எதிர்த்தரப்பு அழைத்த மனநல மருத்துவரோ, நாள்பட்ட பாரனாய்ட் ஸ்கிசோஃப்ரினியா என்றார். செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ராகவ் அப்பீல் செய்யவே மறுத்துவிட்டான்.

தண்டனையை உறுதி செய்ய வேண்டிய பம்பாய் உயர்நீதிமன்றம் அவசரப்படவில்லை. மூன்று மனநல மருத்துவர்கள் கொண்ட குழுவிடம் அனுப்பியது. ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டு மணி நேரம் பேசினார்கள். ராகவ் சொன்னபடி, நாட்டில் அக்பர் அரசாங்கம், பிரிட்டிஷ் அரசாங்கம், காங்கிரஸ் அரசாங்கம் என மூன்று நடக்கிறதாம். தன்னைப் பெண்ணாக மாற்றச் சதி செய்கிறார்களாம். தான் ‘கானூன்’ உலகத்தின், அதாவது சட்டத்தின், பிரதிநிதியாம். கடைசி நாளில் மருத்துவர்கள் கைகுலுக்கப் போனபோது மறுத்துவிட்டான். இந்தப் பொல்லாத உலகத்து மனிதர்களை ‘கானூன்’ பிரதிநிதி தொடக்கூடாதாம்!

இத்தனை பேரைக் கொன்றவன் தன்னையே சட்டமாக நினைத்துக்கொண்டிருந்தான் என்றால், முதலில் ‘நார்மல்’ என்று சான்று கொடுத்தது எப்படி என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

*

நோய் தீராதது என்று முடிவானதும் தூக்கு ஆயுள் தண்டனையானது. புனே எரவாடா சிறையில் இருந்தபடி சிகிச்சை பெற்றுவந்தவன், 1995ல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான்.

*

குற்றம் செய்யும் நேரத்தில், தான் செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறிய முடியாத அளவுக்குச் சித்தம் கலங்கியவரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு குற்றவாளியாகக் கருதியதில்லை. இதற்கு வேர் லண்டனில், 1843ல். பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளரைச் சுட்டுக்கொன்ற மெக்நாட்டன் என்பவனின் வழக்கு அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது இந்த விதி 22-வது பிரிவு. தண்டனை விதித்த பிறகு மனநோய் இருப்பது தெரிந்தால்? தூக்கைக் குறைக்க அதுவும் ஒரு காரணம்தான் என்று உச்சநீதிமன்றம் 2014ல் தீர்ப்பளித்தது.

*

‘அந்தாதுன்’ எடுத்த ஸ்ரீராம் ராகவன், 1991லேயே ரகுவீர் யாதவை ராமன் ராகவாக நடிக்கவைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார். அனுராக் காஷ்யப்பின் ‘ராமன் ராகவ் 2.0’ (2016) இந்தப் பெயரை எடுத்துக்கொண்டு வேறு கதை சொல்கிறது.