கலோனிமோஸ் என்ற பெயர்

கலைடாஸ்கோப் செய்து பார்த்திருப்பீர்கள். மூன்று கண்ணாடிப் பட்டைகள், சில வளையல் துண்டுகள். உருட்ட உருட்டப் புதுப்புதுக் கோலங்கள்! 1817-இல் இதற்குக் காப்புரிமை பெற்ற ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர், கிரேக்கச் சொற்களைக் கோத்து அதற்குப் பெயரிட்டார். அதன் முதற்சொல் 'கலோஸ்'. அழகிய என்று பொருள்.

யூதர்களிடையே அரிதாக வழங்கும் 'கலோனிமோஸ்' என்ற ஆண்பெயரிலும் இதே சொல்தான் இருக்கிறது. அதன் பின்பகுதி 'ஒனிமா', அதாவது பெயர். ஆங்கில வகுப்பில் சினானிம், ஆன்டானிம் என்று படிக்கிறீர்களே, அவற்றின் ஈற்றில் நிற்பதும் இதுவே. ஆக, கலோனிமோஸ் என்றால் அழகிய பெயரை உடையவன். பெயருக்குள்ளேயே பெயர்!

யூதர்களின் மறைமொழி எபிரேயம் ஆயிற்றே, கிரேக்கப் பெயர் எப்படி வந்தது? கி.மு. 332-இல் அலெக்சாந்தர் அவர்கள் நாட்டைக் கைப்பற்றினார். அதன்பின் கிரேக்க மொழி அங்கே செல்வாக்குப் பெற்றது. யூதர் பலர் கிரேக்கப் பெயர் சூட்டிக்கொண்டனர். எபிரேயத்தில் 'ஷேம் தோவ்' என்ற பெயர் உண்டு. அதற்கும் நல்ல பெயர் என்றே பொருள். ஒலி மாறிற்று, பொருள் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இடைக்காலத்தில் இத்தாலியின் லூக்கா நகரிலிருந்து ஜெர்மனியின் மைன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்த ஒரு புகழ்பெற்ற அறிஞர் குடும்பம் இப்பெயரால் அறியப்பட்டது. 1096-இல் சிலுவைப் போர்க் கும்பல் மைன்ஸ் யூதர்களைப் படுகொலை செய்தபோது அவர்களின் தலைவராக இருந்தவரும் ஒரு கலோனிமோஸ்தான். தெற்கு பிரான்சின் ஆர்ல் நகரில் 1286-இல் பிறந்த இன்னொருவர், அரபு அறிவியல் நூல்களை எபிரேயத்தில் பெயர்த்தார்.

நீண்ட பெயரை வீட்டில் யார் முழுதாக அழைப்பார்கள்? ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில் அது 'கல்மன்' என்று சுருங்கியது. (ஹங்கேரியரின் 'கால்மான்' வேறு, ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி வேர் காணக் கூடாது.) பிறகு முழுப்பெயரும் சுருக்கமும் இணைந்து ஒரே ஆளுக்கு இரட்டைப் பெயராயின.

போலந்தின் சமயகுரு கலோனிமோஸ் கல்மன் ஷபீரா அப்படிப் பெயர் பெற்றவர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்த பகுதியில் இருந்துகொண்டே, தாம் ஆற்றிய சமய உரைகளை எழுதிவைத்தார். 1943-இல் அவர் கொல்லப்பட்டார். மண்ணில் புதைத்து வைக்கப்பட்டிருந்த அந்தக் கையெழுத்துப் படிகள் 1950-இல், கட்டட வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்தன.