15 பேர் காயப்பட்டும் மூடாத கடை

சில வருடங்களுக்கு முன் எனது கடையின் கெசியர் நானா மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து, கால் முறிந்து, இரண்டு மாதங்கள் வீட்டில் இருந்தார். சீசன் வியாபாரம் தொடங்கும் வாரம் அது. எவர் எவ்வளவு பாக்கி, எந்தக் கம்பனிக்கு எந்தத் திகதியில் செக் போகிறது என்பதெல்லாம் அவரது தலைக்குள்தான் இருந்தது. இரண்டு செக் திரும்பின. பழைய பாக்கிகளில் ஒரு பகுதி இன்றுவரை வந்து சேரவில்லை. அவரைப் பார்க்கப் போனபோது, "இதையெல்லாம் யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

"தம்பி, சொல்லிக் குடுக்க ஒரு பொடியனைத் தந்தீங்களா?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அமெரிக்காவின் கிரீன் பே பெக்கர்ஸ் கழகத்தின் 2010ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி வாசித்தபோது அந்தக் கேள்வி திரும்பவும் ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்கர்கள் புட்போல் என்று சொல்வது எமது உதைபந்தாட்டம் அல்ல. றகர் போல முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. ஆளை ஆள் மோதி வீழ்த்தும் ஆட்டம் என்பதால் காயம் சாதாரணம். என்.எப்.எல். எனும் தொழில்முறை லீக்கில் 32 கழகங்கள் உண்டு. நியூயோர்க், சிக்காகோ போன்ற மாநகரங்களின் நடுவே, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழும் சிறு நகரான கிரீன் பேயும் ஒரு கழகத்தை வைத்திருக்கிறது. 1919இல் இறைச்சி பொதிசெய்யும் கம்பனி ஒன்று சீருடைக்குக் கொடுத்த பணத்தில் தொடங்கியதால்தான் பெக்கர்ஸ் என்ற பெயர். இதற்குத் தனி முதலாளி கிடையாது. பொதுமக்களே பங்குதாரர்கள். அந்தப் பங்குக்கு இலாபப் பங்கும் கிடையாது.

2010 செப்டெம்பர் 12இல் பிலடெல்பியாவில் முதலாவது போட்டி. வென்றார்கள். ஆனால் பந்தை ஏந்தி ஓடுவதில் பிரதான வீரரான ரயன் கிராண்ட் கணுக்காலில் காயப்பட்டார். அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை. ஒக்டோபரில் தடுப்பு வரிசையின் நிக் பார்னெட்டும், பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரரான ஜெர்மைக்கல் பின்லியும் போனார்கள். பருவம் முடியும்போது, இனி ஆட முடியாது என்று பட்டியலில் போடப்பட்டவர்கள் 15 பேர். ஒரு கழகத்தின் மொத்த வீரர்களே 53 பேர்தான்.

டிசம்பரில் இன்னொரு அடி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஆரன் ரொட்ஜர்ஸ், டெட்ரொயிட்டுடனான போட்டியில் தலையில் அடிபட்டு வெளியேறினார். அடுத்த வாரம் பலம் மிக்க நியூ இங்கிலாந்துக்கு எதிராக அவருக்குப் பதிலாள் மெட் பிளின் இறங்கினார். 31க்கு 27 என்று தோல்விதான். ஆனால் கடைசி வினாடிவரை போராடிய தோல்வி.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். 16 போட்டிகளில் 10 வெற்றி, 6 தோல்வி. அந்த ஆறு தோல்விகளிலும் சேர்த்து விட்டுக்கொடுத்த வித்தியாசம் 20 புள்ளிகள் மட்டுமே. எந்தத் தோல்வியும் 4 புள்ளிகளுக்கு மேல் இல்லை. ஆள் போனாலும் தரம் விழவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

காரணம் இரண்டாம் வரிசை. முகாமையாளர் டெட் தொம்சன் விலை உயர்ந்த வீரர்களை வெளியிலிருந்து வாங்குவதில் ஆர்வம் காட்டாதவர். அந்த ஆண்டு லீக்கில் சம்பள உச்சவரம்பே இருக்கவில்லை. அப்படியிருந்தும் புதியவர்களை எடுத்துப் பழக்குவதையே அவர் நம்பினார். எந்தக் கழகமும் தேர்ந்தெடுக்காமல் விட்ட ட்ரமோன் வில்லியம்ஸ், சாம் ஷீல்ட்ஸ் இருவரும் இவரிடம் தடுப்பாளர்களாக வளர்ந்தவர்கள். ஷீல்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் வேறு இடத்தில் ஆடியவர்.

கடைசிப் போட்டியில் சிக்காகோவை 10க்கு 3 என்று வென்று, தமது பிரிவில் ஆறாவது இடத்தில் நொக்-அவுட் சுற்றுக்குள் நுழைந்தார்கள். கிராண்ட் காயப்பட்ட அதே பிலடெல்பியா மைதானத்தில், ஜேம்ஸ் ஸ்டார்க்ஸ் என்ற புதியவர் 123 யார் ஓடினார். வில்லியம்ஸ் பிடித்த பந்து அந்தப் போட்டியை முடித்தது. பின்னர் அட்லாண்டா, சிக்காகோ. எல்லாமே எதிரணியின் மைதானத்தில். சிக்காகோவில் ஷீல்ட்ஸ் இரண்டு பந்துகளைப் பறித்தார்.

2011 பெப்ரவரி 6, சுப்பர் போல் இறுதிப் போட்டி. எதிரணி பிட்ஸ்பர்க். இடைவேளைக்கு முன்னரே மூத்த வீரர் சார்ள்ஸ் வூட்சன் தோள் எலும்பு முறிந்து வெளியேறினார். நான்காம் பகுதி தொடங்கும்போது 21க்கு 17 என்று இழுபறி. அப்போது பிட்ஸ்பர்க் வீரரின் கையிலிருந்து பந்து நழுவியது. அதைக் கைப்பற்றியவர் டெஸ்மண்ட் பிஷப். காயப்பட்ட பார்னெட்டின் இடத்துக்கு வந்தவர். அந்தப் பந்திலிருந்தே அடுத்த புள்ளிகள் வந்தன. முடிவு 31க்கு 25, கிண்ணம் கிரீன் பேக்கு.

"அது பெரிய கழகம். எங்களுக்கு மேலதிக ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகுமா?" என்று நீங்கள் கேட்பது நியாயம். இரண்டாம் வரிசை இலவசம் அல்ல. மேசையில் சும்மா இருக்கும் ஆளுக்கும் மாதம் முடியச் சம்பளம் கொடுக்க வேண்டும். அது வெற்றிக்கு உத்தரவாதமும் அல்ல. அடுத்த பருவத்தில் இதே கழகம் 15 வெற்றி, ஒரே தோல்வி என்று வந்து, நொக்-அவுட்டின் தனது முதல் போட்டியிலேயே சொந்த மைதானத்தில் தோற்றது.

ஆனால் புதிய ஆள் எடுக்காமலும் செய்யக்கூடியவை உண்டு. ஸ்டோரில் நிற்பவர் வாரத்தில் ஒரு நாள் பில் எழுதட்டும். கடன் கொப்பியை இன்னொருவரும் வாசித்து விளங்கட்டும். செக் திகதிகள் தலைக்குள் அல்ல, சுவரில் தொங்கும் கலண்டரில் இருக்கட்டும். ஆள் விழுந்த பிறகு பழக்க முடியாது. ஸ்டார்க்ஸும் பிஷப்பும் தமக்கு முன்னிருந்தவர் விழும்போது ஏற்கனவே கழகத்துக்குள்தான் இருந்தார்கள்.

நானா கால் சுகமாகித் திரும்பிய அன்றே அவர் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு, ஸ்டோர் பொடியனை உட்கார வைத்தேன். நானா கொப்பியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார். எனக்கு அந்தக் கதிரை ஒரு சீசன் தாமதம். உங்கள் கடையில் அது இருக்கிறதா என்று இன்று மாலை கணக்கு முடிக்கும்போது ஒரு தடவை பாருங்கள்.