நாய்க்குத் தேசித்தோல் எண்ணெய் பூசலாமா?

1990 ஆம் ஆண்டில் கீரிமலையையும் அதனை அண்டிய வலிகாமம் வடக்குக் கிராமங்களையும் விட்டு வெளியேறிய விவசாயக் குடும்பங்களால், போர் முடிந்த பின்னர் கட்டங் கட்டமாகவே சொந்தக் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. திரும்பியோர் கண்டவை பற்றைக்காடும் கூரையற்ற சுவர்களுமே. வளவைத் துப்புரவாக்கித் தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டதும் பல வீடுகளில் வந்து சேர்ந்த முதற் காவலாள் நாய்தான். பாம்பு வந்தாலும், கோழிக்கூட்டுக்குக் கீரி வந்தாலும், இரவில் அந்நியர் வந்தாலும் முதலிற் குரல் கொடுப்பது அதுவே.

அந்த நாயின் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி மொய்க்கும்போது, "தேசித்தோல் எண்ணெய் பூசுங்கள், இயற்கையானதுதானே, தீங்கு செய்யாது" என்று சிலர் ஆலோசனை கூறுவதுண்டு. இதனை ஏற்கலாமா என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

எண்ணெயில் இருப்பது என்ன?

தேசிக்காய், தோடம்பழம் ஆகியவற்றின் தோலில் உள்ள நுண்ணிய பைகளிலேயே இந்த வாசனை எண்ணெய் இருக்கிறது. இதன் முக்கிய கூறு லிமோனீன் எனப்படும் பொருள். தோடந்தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன்தான். அது பூச்சிகளின் உடலை மூடியுள்ள மெழுகுப் படையைக் கரைத்து, அவற்றின் நரம்புகளையும் தாக்கும். ஆகவே தெள்ளு சாகும் என்பது உண்மை. அமெரிக்காவில் லிமோனீன் சேர்த்த நாய்க் குளிப்பு மருந்துகள் விற்பனைக்கும் வந்தன. ஆனால் அவை அளவறிந்து நீரிற் கலந்து பாவிக்க வேண்டியவை. சிறு போத்தலில் விற்கப்படும் எண்ணெயோ நீர் கலவாத முழுச் சாரம். வெறும் தேசிப்புளியில் இவ்வெண்ணெய் மிகக் குறைவு. அது உண்ணியைக் கொல்லாது, சொறிந்த புண்ணை எரிக்க மட்டுமே செய்யும்.

தீங்கு எவ்வாறு வருகிறது?

பூசிய எண்ணெய் தோலினூடாக உட்செல்லும். நாய் தன் உடலை நக்குவதால் வாய் வழியாகவும் உட்செல்லும். அளவு மிஞ்சினால் எச்சில் வடிதல், தசை நடுக்கம், தள்ளாட்டம், உடற் சூடு குறைதல் ஆகியவை தோன்றும். 1986 இல் வெளியான ஓர் ஆய்வில், லிமோனீன் குளிப்பு மருந்தைச் சிபாரிசு செய்த அளவிற் பாவித்த பூனைகளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஐந்து மடங்கு செறிவிற் பாவித்தபோது எச்சில் வடிந்து, நடுங்கித் தள்ளாடின. 1995 இல், இத்தகைய மருந்து பாவித்த ஒரு நாய்க்குக் கடுமையான தோல் நோயும் இரத்தம் உறைவதிற் குழப்பமும் ஏற்பட்டதாக மிருக வைத்திய சஞ்சிகை ஒன்று பதிவு செய்தது. இது அரிது. எனினும் எந்த நாய்க்கு இவ்வாறு ஒவ்வாது என்பதை முன்கூட்டியே அறிய இயலாது. பூனைகளின் ஈரல் இப்பொருட்களை எளிதில் அகற்றாது. குட்டிகளும் நலிந்த நாய்களும் விரைவிற் பாதிக்கப்படும்.

வெயிலையும் மறத்தலாகாது. பிழிந்தெடுத்த தேசித்தோல் எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுக்கும். வெயிலில் நின்று தேசிக்காய் பிழிந்தவர் கைகளிலும் இதனைக் காணலாம்.

ஏற்கெனவே பூசியிருந்தால்

பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் இளஞ்சூட்டு நீரில் நன்கு கழுவி, துடைத்து, துணியாற் போர்த்துங்கள். நக்க விடாதீர்கள். நக்கியிருந்தாலும் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குட் போகலாம். நடுக்கமோ தள்ளாட்டமோ கண்டால் எண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே மிருக வைத்தியரிடம் செல்லுங்கள்.

உண்ணியை ஒழிக்க என்ன செய்யலாம்?

நாயிற் காணும் உண்ணி ஒரு பகுதிதான். இரத்தங் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். இடிந்த சுண்ணாம்புக் கற் சுவர்கள் அதற்கு நல்ல புகலிடம். எனவே,

• நாய் படுக்கும் இடத்தை நாள்தோறும் கூட்டுங்கள். படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அவித்து உலர்த்துங்கள்.
• சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். கொட்டிலைச் சுற்றியுள்ள புல்லை வெட்டுங்கள்.
• உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசிக்காமல் ஸ்பிரிட்டில் இடுங்கள். நெருப்போ மண்ணெண்ணெயோ வேண்டாம்.
• தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்தை நாய்க்குப் பூசவே வேண்டாம். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையும் வைத்தியரைக் கேளாது பாவிக்காதீர்கள். அவற்றுட் சில பூனைகளைக் கொன்றுவிடும்.
• நாயின் நிறைக்கேற்ற உண்ணி மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள்.

உண்ணி இரத்தத்தைக் குடிப்பதோடு நிற்பதில்லை, காய்ச்சலையும் பரப்பும். நாய் உண்ணாமற் கிடந்தாலோ, முரசு வெளிறினாலோ, மூக்கால் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அந்நிலையில் எந்த எண்ணெயும் உதவாது. காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் கொண்டு சென்றால் பெரும்பாலும் காப்பாற்றலாம். இரவெல்லாம் விழித்திருந்து நம் வளவைக் காக்கும் சீவனுக்கு நாம் செய்யக்கூடியது இதுவே.