குனிய வைக்கும் வண்டி

வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆனதும், "அண்ணா, ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கலாமா?" என்று கேட்கும் வானொலி நேயர்கள் எனக்கு நிறைய பேர் உண்டு. குதிரைத்திறன் எவ்வளவு, உச்ச வேகம் எவ்வளவு என்றுதான் பேச்சு தொடங்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்த வண்டி ஏன் நம்மைக் குனிய வைக்கிறது?

1950, 60களில் லண்டனின் ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள், பந்தய வீரர்களைப் பார்த்துத் தங்கள் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைத் தாழ்த்தினார்கள். கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். உடல் குனிந்தால் காற்றின் தடை குறையும், வேகம் கூடும். 'கஃபே ரேசர்' பிறந்தது அப்படித்தான்.

1969இல் ஹோண்டா சிபி750 வந்து, நான்கு சிலிண்டர் இன்ஜினைப் பரவலாக்கியது. ஆனால் 1970களின் பெரிய ஜப்பானிய வண்டிகள் நேர்பாதையில் பறந்தாலும் வளைவில் ஆட்டம் கண்டன. எடைதான் சிக்கல். 1985இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750, அலுமினிய ஃபிரேமும் முழு காற்றுக் கவசமுமாக, பந்தயத் திடலிலிருந்து நேரே வந்தது போல் விற்பனைக்கு வந்தது. எரிபொருள், எண்ணெய் சேர்க்காத எடை 176 கிலோ.

அடுத்து 1992இல், தடாவோ பாபா தலைமையில் உருவான ஹோண்டா ஃபயர்பிளேட். 893 சிசி, 185 கிலோ. அன்றைய 1000 சிசி வண்டிகள் 200 கிலோவைத் தாண்டியிருந்தன. 1998இல் யமஹா ஆர்1 இன்னொரு வேலை செய்தது. கியர்பாக்ஸ் தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இன்ஜினைக் குட்டையாக்கியது. மிச்சமான நீளம் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்முக்குப் போனது. வண்டி நீளாமலேயே, வளைவிலிருந்து முறுக்கி வெளியேறும்போது பின்சக்கரம் நிலையாக நின்றது.

ஆக, இதில் எதுவும் வெறும் அலங்காரம் இல்லை. கால்மிதி உயரமாக இருப்பது, சாயும்போது தரையில் உரசாமல் இருக்க. உடல் முன்னால் சாய்வது, முன்சக்கரத்தில் எடை விழ. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே மார்பைத் தாங்கிக்கொள்ளும். செப்பாங் பந்தயத் திடலில் அது சுகம்.

கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அந்தக் காற்று இல்லை. உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். இன்ஜின் சூடு தொடைக்கு ஏறும். கைப்பிடி அதிகம் திரும்பாது, யூ-டர்ன் எடுக்கக் காலை ஊன்ற வேண்டும். பின்னால் உட்காருபவருக்குக் கிடைப்பது உள்ளங்கை அகல இருக்கை. பந்தயத்துக்கான டயர் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். நம் ஊர் மாலை மழை அதற்கு இடம் கொடுக்காது.

இன்னொன்றையும் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து யோசிக்க வேண்டும். அப்பாவின் பழைய கப்சாய் பத்துக் குதிரைத்திறனைத் தொடுவதே பெரிது. முதல் ஆர்1க்கு 150. முதல் கியரிலேயே நெடுஞ்சாலையின் 110 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டிவிடும். கப்சாயில் பழகிய கை, அதே அளவு முறுக்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் இந்த வண்டிகள் மேல் கொள்ளை ஆசை. பி2 உரிமத்தோடு 250 சிசி வரை ஓட்டலாம். வளைவையும் பிரேக்கையும் அதில் சில ஆண்டுகள் பழகிவிட்டு, பிறகு பி ஃபுல் எடுங்கள். கடையில் படம் பிடித்துவிட்டு இறங்கிவிடாமல், குனிந்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தினமும் வேலைக்குப் போகும் தூரத்தை மணிக்கட்டு தாங்குமா என்று அப்போதே தெரிந்துவிடும். தரமான ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, காலணிக்குப் பணம் எடுத்துவைத்த பிறகு மாதத் தவணையைக் கணக்குப் போடுங்கள்.