பழைய எஞ்சினில் சிந்தெடிக் ஆயில்: கசிவுக்கு எது காரணம்?

பதிவு செய்து 15 ஆண்டு முடியும் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். புகைச் சான்றும் வேண்டும். கெடு நெருங்கும் வாசகர்கள் வண்டியை சர்வீஸுக்கு விடும்போது, “ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றுங்க, எஞ்சின் புதுசு மாதிரி ஆயிடும்” என்கிறார்கள் கவுன்ட்டரில். தெருமுனை மெக்கானிக்கோ, “லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டிக்கு அதை ஊத்தினா லீக் ஆகும்” என்கிறார். எதை நம்புவது என்று கேட்டுக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன.

இருவர் சொல்வதிலும் பாதிதான் உண்மை.

‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்றால் என்ன?

வாங்குபவர் நினைப்பதைவிடக் குறைவு. 1990-களின் இறுதியில் காஸ்ட்ரால் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற தன் சின்டெக் ஆயிலில், ஆலையில் வேதிவினை மூலம் உருவாக்கப்படும் பி.ஏ.ஓ. எண்ணெயைக் கைவிட்டு, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் செலுத்திக் கடுமையாகச் சுத்திகரித்த ‘குரூப் 3’ எண்ணெய்க்கு மாறியது. போட்டியாளரான மோபில் ஆட்சேபித்தது. விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு சொன்னது. அதன் பிறகு குரூப் 3 எண்ணெயும் சிந்தெடிக் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அது மட்டமான எண்ணெய் இல்லை. ஆனால் டப்பாவின் முகப்பில் உள்ள இந்தப் பெயரை மட்டும் வைத்துத் தரத்தையோ விலையையோ எடைபோட முடியாது. பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் ஏ.பி.ஐ. தரக்குறியும் கிரேடு எண்ணுமே நம்பத்தக்கவை.

கசிவு ஏன் வருகிறது?

கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல், இருக்கிறது. அதன் மெல்லிய விளிம்பு சுழலும் தண்டை அழுத்திப் பிடித்து ஆயிலை உள்ளேயே நிறுத்துகிறது. மினரல் ஆயிலில் உள்ள சில கூறுகள் ரப்பருக்குள் ஊறி அதைச் சற்று உப்ப வைக்கும், பிடிமானம் இறுகும். 1970-களில் சந்தைக்கு வந்த முதல் தலைமுறை சிந்தெடிக் ஆயில்கள் கசிவுப் புகார்களைச் சந்தித்தது இங்கேதான். பி.ஏ.ஓ. ரப்பருக்குள் ஊறாது. அதில் ரப்பர் சுருங்கும், இறுகும், விளிம்பு தண்டை விட்டு விலகும்.

அதற்குக் கண்ட தீர்வு அழகானது. எஸ்டர் என்ற இன்னொரு வகை எண்ணெய் ரப்பரை உப்பச் செய்யும். சுருக்குவதையும் உப்பச் செய்வதையும் அளவாகக் கலந்தால் ரப்பர் இருந்தபடியே இருக்கும். பிறகு சீல் செய்யும் ரப்பரும் மேம்பட்டது. இன்றைய தர விதிகளில் ரப்பர் சோதனையும் சேர்ந்திருக்கிறது. எனவே தரக்குறி பெற்ற ஆயில் நல்ல சீலைச் சுருக்கிவிடும் என்ற பயம் இனித் தேவையில்லை.

அப்படியானால் மெக்கானிக் கண்ணால் பார்த்த லீக்? அதுவும் பொய்யில்லை. பல ஆண்டு வெப்பத்தில் சீல் ஏற்கெனவே காய்ந்து தேய்ந்திருக்கும். ஆயில் மாற்றாமல் இழுத்தடித்த வண்டியில் கரும்பிசுக்கு அந்த இடைவெளியை அடைத்திருக்கும். புது ஆயிலின் சுத்திகரிப்புச் சேர்மங்கள் அதைக் கரைத்ததும் பழைய ஓட்டை வெளியே தெரிகிறது. தரமான மினரல் ஆயிலும் இதைச் செய்யும்.

பெரும்பாலும் இத்துடன் இன்னொரு தவறும் சேர்கிறது. வகையை மாற்றும்போது கிரேடையும் 20டபிள்யூ-40-இலிருந்து 5டபிள்யூ-30-க்கு இறக்கிவிடுகிறார்கள். 100 டிகிரி சூட்டில் 40 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை குறைந்தபட்சம் 12.5 அலகு, 30 கிரேடின் எல்லை 9.3-இலிருந்து 12.5 வரை. தேய்ந்த சீல் வழியே மெல்லிய ஆயில் வேகமாக ஒழுகும். முதல் எண் குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கானது. சென்னை வெயிலில் அதன் பலன் சொற்பம். இரண்டாவது எண்ணைக் கையேடு அனுமதிக்காமல் இறக்கக் கூடாது. சிந்தெடிக்கிலேயே 5டபிள்யூ-40 கிடைக்கிறது.

நீலப் புகை நிற்குமா? நிற்காது, அது பிஸ்டன் ரிங், வால்வு சீல் தேய்மானம்.

மினரலுடன் கலக்கலாமா? அவசரத்துக்குக் கலக்கலாம்.

திரும்ப மினரலுக்கு மாறலாமா? தாராளமாக.

ஃப்ளஷ் செய்ய வேண்டுமா? வேண்டாம், முதல் முறை மட்டும் ஃபில்டரோடு சீக்கிரமாக மாற்றுங்கள்.

மைலேஜ் கூடுமா? கையில் தெரியும் அளவுக்குக் கூடாது.

சம்ப் உலர்ந்திருந்து, டிப்ஸ்டிக்கில் அளவு குறையாத வண்டி என்றால் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தாலும் தயங்காமல் மாறலாம். ஏற்கெனவே ஒழுகும் வண்டிக்கு முதலில் சீலை மாற்றுங்கள். விலை கூடிய ஆயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாறிய பிறகு முதல் சில வாரங்கள் டிப்ஸ்டிக்கை நீங்களே எடுத்துப் பாருங்கள், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.